உள்ளங்கைக்கு வந்த மருந்து

என் அத்தைக்குக் காது நன்றாகக் கேட்கும். ரயில்வே கேட் மூடும் சத்தத்தை வைத்தே எந்த வண்டி வருகிறது என்று சொல்லிவிடுவாள். 'போதும்' என்கிற ஒரு சொல் மட்டும் அவள் காதில் விழாது. இலைக்கு மேல் இரண்டு கையையும் குறுக்கே நீட்டிக்கொண்டு 'போதும் அத்தை, போதும்' என்று கெஞ்சினாலும் விரல் இடுக்கு வழியாகக் குழம்பு இறங்கும். சாப்பிட உட்கார்ந்தவர்களின் மணிக்கட்டில் சாம்பார் வழிந்த கதைகள் எங்கள் குடும்பத்தில் நிறைய உண்டு. அவற்றைச் சொல்லித்தான் நாங்கள் சிரிப்போம். இப்போது சொல்ல ஆரம்பித்தால் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடுகிறது.

என் அப்பாவின் தங்கை அவள். பெயரை எழுதப்போவதில்லை. அந்தக் காரியத்தை ஊரில் யாரும் பேசக்கூடாது என்று அவள் எவ்வளவு குறுகிப்போனாள் என்று எனக்குத் தெரியும். அதனால் அத்தை என்றே இருக்கட்டும்.

அத்தையைக் கட்டிக்கொடுத்தது அரியலூரில். மாமா சிமெண்ட் ஆலையில் மூட்டை பிடிக்கும் வேலையில் இருந்தார். நாங்கள் பெரம்பலூருக்கு அந்தப் பக்கம், எறையூரில். அப்பாவுக்குக் கரும்பு விவசாயம். பள்ளிக்கூடம் லீவு விட்டால் நான் பஸ் ஏறி அத்தை வீட்டுக்கு ஓடிவிடுவேன். அதற்குக் காரணம் அவள் சமையல் என்று எல்லோரும் நினைத்தார்கள். அது இல்லை. அந்த வீட்டில்தான் என்னைத் தொடுவார்கள்.

எனக்குச் சிறு வயதிலிருந்தே கரப்பான். முழங்கை மடிப்பு, முழங்காலுக்குப் பின்பக்கம், கழுத்து, கண் இமை, வாயைச் சுற்றி. சில மாதம் அடங்கியிருக்கும். பிறகு ஒருநாள் காரணமே இல்லாமல் சிவந்து, அரித்து, நீர் கசிந்து, காய்ந்து, செதில் செதிலாக உதிரும். அம்மா என் தட்டிலிருந்து கத்தரிக்காயையும் கருவாட்டையும் ஒதுக்கினாள். வேப்பிலை அரைத்துப் பூசினாள். ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குக்கூட அழைத்துப்போய் என்னை மண்டியிட வைத்தாள். வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவளை அவள் அம்மா வந்து டீச்சரிடம் சொல்லி வேறு பெஞ்சுக்கு மாற்றினாள். ஒட்டிக்கொள்கிற நோய் என்று நினைத்தார்கள். அது ஒட்டாது என்று சொல்ல எங்கள் பக்கம் யாரும் இல்லை. எனக்கே அது தெரியாது. நான் ஏதோ அசுத்தமான பிறவி என்றுதான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அத்தை மட்டும் என்னைக் கண்டதும் இரண்டு கன்னத்தையும் வழித்து, தன் நெற்றிப் பொட்டில் விரல்களை மடக்கி நெட்டி முறிப்பாள். சடசடவென்று சத்தம் வரும். 'எவ்ளோ கண்ணு பட்டுருக்கு பாரு எம் மருமவளுக்கு' என்பாள். செதில் உதிரும் கன்னத்துக்குக் கண் படுமா என்று யாராவது முணுமுணுத்தால் அதுவும் அவள் காதில் விழாது.

எங்கள் வீட்டு விசேஷம் ஒன்றில் பந்தி பரிமாற ஆள் போதவில்லை. நான் மோர் வாளியைத் தூக்கினேன். அம்மா பதறிப்போய் என் கையிலிருந்து அதை வாங்கிவிட்டாள். வாங்கிய விதம் நாலு பேருக்குத் தெரிந்துவிட்டது. நான் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டேன். பந்தியின் கடைசியில் உட்கார்ந்திருந்த அத்தை, மோரை வேறு யாரும் ஊற்ற விடவில்லை. பெண்ணை வரச்சொல், அவள் கையால் ஊற்றினால்தான் எழுந்திருப்பேன் என்று சட்டமாக உட்கார்ந்துவிட்டாள். நான் வந்து ஊற்றினேன். அவளோ இலையில் குழி பறித்துக்கொண்டு 'ஊத்து, ஊத்து' என்றாள். மோர் இலையைத் தாண்டித் தரையில் ஓடியது. பக்கத்து இலைக்காரர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்து ஓடினார். அப்படித்தான் அவள் அன்பு. தரையெல்லாம் ஓடும்.

அளவு என்பதே அவள் கைக்குப் பிடிக்காது. உப்பைக் கரண்டியில் எடுக்க மாட்டாள், கையால் அள்ளுவாள். அண்ணன் பிள்ளைகள் தலைக்கு எண்ணெய் வைத்தால் அது சட்டைக் காலரை நனைக்கும். தெருப் பிள்ளைகள் அவள் வீட்டு வாசலில் விளையாடுவதே முறுக்குக்காகத்தான். கேட்டால், 'அளந்து குடுக்குறதுக்கு வூடு என்ன ரேசன் கடையா' என்பாள்.

எழுபதுகளின் கடைசியில் எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவர்கள் பெரம்பலூர்க்காரர்கள். நான் முழுக்கை ரவிக்கை போட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, காப்பித் தட்டோடு வந்தேன். இமை சிவந்திருந்ததைப் பவுடர் போட்டு மறைத்திருந்தார்கள். டம்ளரை நீட்டும்போது ரவிக்கைக் கை மேலே ஏறிவிட்டது. மாப்பிள்ளையின் தாயார் என் மணிக்கட்டைப் பார்த்தார். காப்பியை வாங்கினார், கீழே வைத்தார், முந்தானையில் விரலைத் துடைத்தார். அதற்குப் பிறகு அவர்கள் மழையைப் பற்றியும் கரும்பு விலையைப் பற்றியும் மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த டம்ளரை மட்டும் யாரும் பார்க்கவில்லை. அதைத் தவிர வேறு எதையும் என்னால் பார்க்க முடியவில்லை.

அத்தை சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்தாள். அந்த டம்ளரை எடுத்து, எல்லோரும் பார்க்க ஒரே மூச்சில் குடித்தாள்.

'ஆறிப்போவுதேன்னு குடிச்சிட்டேங்க. எம் மருமவ போட்ட காப்பிய வீணாக்க எனக்கு மனசு வராது' என்றாள்.

அவர்கள் போனார்கள். அப்பா கொல்லைக்குப் போய்விட்டார். அத்தை என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்தி, அடுத்த முறை வருகிறவர்கள் இந்த முகத்தைப் பார்த்து அசந்து போகவேண்டும், அதற்கு நான் ஆச்சு என்றாள். சொன்னபடி அடுத்த வாரமே வந்தாள். வெற்றிலைப் பையிலிருந்து ஒரு டியூபை எடுத்தாள்.

அது மாமாவின் டியூப். சிமெண்டில் புழங்கிப் புழங்கி மாமாவின் உள்ளங்கை தடித்து, வரப்பு மாதிரி வெடித்திருக்கும். சோற்றில் கை வைத்தால் எரியும் என்று கரண்டியால் சாப்பிடுவார். ஆலை டாக்டர் அதற்குக் கொடுத்த களிம்பு அது. உள்ளங்கைத் தோல் கனம், லேசான மருந்து இறங்காது, அதனால் கடுமையானதாகத் தருகிறேன், கைக்கு மட்டும் போடு, வெடிப்பு மூடினதும் நிறுத்திவிடு என்று அவர் சொல்லியிருந்தாராம். மாமா அப்படியே செய்தார். மெலிசாகத் தேய்ப்பார், மூடினதும் டியூபை மாடத்தில் வைத்துவிடுவார். மறுபடி வெடித்தால்தான் எடுப்பார். அத்தை அந்த டியூபைக் கேட்டபோது, 'கைக்குக் குடுத்ததுடி அது' என்று முனகினாராம்.

'கையும் தோலு, மூஞ்சியும் தோலு. அதுக்குக் கேக்குறது இதுக்குக் கேக்காதா?' இதுதான் அத்தையின் வைத்திய சாத்திரம்.

கேட்டது. அதுதான் கெடுதல். கேட்காமல் போயிருந்தால் பிழைத்திருப்போம். இரண்டு நாளில் அரிப்பு நின்றது. ஒரு வாரத்தில் இமை, கழுத்து, வாயோரம் எல்லாம் வழவழவென்று ஆகிவிட்டன. நான் கண்ணாடி முன்னால் நின்று என் கன்னத்தை நானே தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அம்மா சாமி படத்துக்கு விளக்கேற்றினாள். அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும் என்று இன்று சொல்கிறேன். அன்று நிறுத்துவது யாருக்கும் தோன்றவில்லை. விருந்துக்கு வந்தவர் இலையை மூடும்வரை பரிமாறுகிற கை அது. கரப்பான் இருந்த இடத்தோடு விடாமல் முகம் முழுக்கப் பூசினாள். முகம் முன்னைவிட வெளுப்பாகவும் தெரிந்தது. அவளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. முழங்கை மடிப்பில் அப்பி, மருந்து உள்ளே இறங்கட்டும் என்று அதன்மேல் பழைய சேலைத் துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். மாமாவுக்கு என்று சொல்லி மருந்துக்கடையில் மேலும் மேலும் வாங்கிவந்தாள். அந்தக் காலத்தில் கடைக்காரர் சீட்டு எங்கே என்று கேட்கவில்லை.

அடுத்து மீன்சுருட்டியிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைக் குடித்தார்கள். கல்யாணம் நிச்சயமானது.

நலங்கு வைத்தபோது நடந்ததைச் சொல்லவேண்டும். எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு முன்பு பெண்ணை மணையில் உட்காரவைத்து, உறவுக்காரப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து மஞ்சளும் சந்தனமும் கன்னத்தில் பூசுவார்கள். பல நாள் சாயங்காலம் இது நடக்கும். இத்தனை பேர் தேய்த்துக் கழுவினால் முகத்தில் மருந்து நிற்காதே என்று அத்தைக்குக் கவலை. சந்தனம் கரைக்கும் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கிண்ணத்துச் சந்தனத்தில் டியூபைப் பிதுக்கிக் கலந்துவிட்டாள். வந்தவர்கள் எல்லோரும் என் கன்னத்தில் அந்த மருந்தைச் சிரித்துக்கொண்டே பூசினார்கள். முன்பு என்னைத் தொடாதவர்களும் அப்போது தொட்டார்கள். ஒரு பெரியம்மா விரலை முகர்ந்து பார்த்து, இது என்ன சந்தனம், ஆஸ்பத்திரி வாசம் அடிக்கிறதே என்று கேட்டாள். 'திருச்சி சந்தனம் பெரியக்கா, ஒசத்தி' என்றாள் அத்தை. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கல்யாண போட்டோவில் என் முகம் அப்படி மின்னுகிறது. அந்தப் போட்டோவை நான் சுவரில் மாட்டியதே இல்லை.

புகுந்த வீட்டுக்கு வந்தபோது டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் டியூப்களை வைத்துக் கொடுத்தாள் அத்தை. தினமும் கதவைத் தாழிட்டுக்கொண்டு பூசினேன். ஒருநாள் போடாவிட்டால் முகம் எரிய ஆரம்பிக்கும், அதனால் பூசுவேன். கடைசி டியூபைச் சுருட்டிச் சுருட்டிப் பிதுக்கி, அதுவும் தீர்ந்தது. மாமியார் வீட்டில் புதுப்பெண் மருந்து வாங்கித் தாருங்கள் என்று எப்படிக் கேட்பாள்?

சில நாளில் முகத்தில் நோய் திரும்பி வந்துவிட்டது. பழைய கரப்பான் இல்லை இது. முகம் முழுக்கத் தீ பட்டது போலச் சிவந்து வீங்கியது. கன்னத்தில் பரு பருவாகக் கிளம்பியது, பூனைமயிர் அடர்ந்தது. அடுப்படிக்குப் போனால் எரியும், வெயிலுக்குப் போனால் எரியும், தண்ணீர் பட்டாலும் எரியும். நான் முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு வேலை செய்தேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஏதாவது கேட்கிற சாக்கில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். செத்துப்போனால் தேவலை என்று நினைத்த நாட்கள் அவை.

சேதி போய், அத்தை வந்தாள். தூக்குச்சட்டி நிறைய அதிரசம், கூடை நிறைய வாழைப்பழம், பையில் புது டியூப். படி ஏறி வந்து வழக்கம்போல் என் கன்னத்தை வழிக்கக் கையை நீட்டினாள். முந்தானையை விலக்கினேன். அவள் கை அப்படியே நின்றது.

என் மாமியார் கொடுமைக்காரி இல்லை. வந்தவளை உட்காரச் சொல்லி, காப்பி போட்டு முன்னால் வைத்துவிட்டுத்தான் பேசினார். குரலைக்கூட உயர்த்தவில்லை.

'மூஞ்சில பூச்சப் பூசிக் கட்டிக் குடுத்துட்டீங்க. நாங்க புள்ளையப் பாத்தமா, மருந்தப் பாத்தமா, சொல்லுங்க.'

அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். 

'பூசுனது நாந்தாங்க. அண்ணன் வூட்டுல யாருமேலயும் தப்பில்ல. எங் கையிதான்' என்றாள்.

அவ்வளவுதான். அவளுக்கு முன்னால் வைத்த காப்பி ஆறி ஆடை கட்டியது. அவள் தொடவில்லை. எனக்காக, அன்று குடிக்காமல் ஒதுக்கப்பட்ட காப்பியைக் குடித்தவள், தனக்கென்று வைத்த காப்பியைக் குடிக்கும் தகுதி இல்லாதவளாகத் தன்னை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் தலை குனிந்ததைப் பார்த்தபோது என் முகத்தின் எரிச்சல் எனக்கு ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. அவ்வளவு வெட்கத்தை நான் என் தோலுக்காகக்கூடப் பட்டதில்லை.

திருச்சியில் தோல் டாக்டரம்மா ஒருவரிடம் என் கணவர் அழைத்துப்போனார். அத்தையும் கூட வந்தாள். டாக்டரம்மா டியூபை வாங்கிப் பார்த்தார், என் கன்னத்தை விளக்குக்குத் திருப்பிப் பார்த்தார். யாருடைய மருந்து, எத்தனை மாதம், எங்கெல்லாம் பூசினீர்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தார். எல்லாவற்றுக்கும் அத்தைதான் பதில் சொன்னாள். கட்டுப் போட்டதைக்கூட மறைக்கவில்லை. சந்தனத்தை மட்டும் சொல்லவில்லை. சொல்லும் அளவுக்கு அவளிடம் தைரியம் மிச்சமில்லை.

'உள்ளங்கைக்குக் குடுத்தத இமைக்குப் போட்டிருக்கீங்க. மருந்து மேல குத்தமில்லம்மா. எடம் தப்பு, அளவு தப்பு, நாளும் தப்பு' என்றார் டாக்டரம்மா.

இமைத் தோலும் கன்னத்துத் தோலும் மெலிசு, கடுமையான மருந்தை நாள் கணக்கில்லாமல் பூசினால் தோல் இன்னும் மெலிந்து நரம்பு தெரியும், விட்டால் பழிவாங்குவது போல் திரும்பி வரும் என்று பொறுமையாகச் சொன்னார். கடுமையானதை முகத்தில் இனி தடவவே கூடாது என்றார். அவர் எழுதிக் கொடுத்ததைப் போட்டு, அவர் வரச்சொன்னபோதெல்லாம் போய்க் காட்டினேன். சோப்பை விடச் சொன்னார், விட்டேன். ஆறுவதற்குப் பல மாதம் ஆயிற்று. கன்னத்தில் மெல்லிய சிவப்பு நரம்புகள் மட்டும் இன்றும் இருக்கின்றன. பார்க்கிறவர்கள் நான் வெயிலில் வந்திருக்கிறேன் என்று நினைப்பார்கள்.

முகம் ஆறியது. அத்தையின் கை ஆறவில்லை. அதற்குப் பிறகு அவள் வீட்டுக்குப் போனபோது பார்த்தேன். உப்புக்கு ஒரு சின்னக் கரண்டி வாங்கியிருந்தாள். சோற்றைக் கொஞ்சமாக வைத்துவிட்டு, கரண்டியோடு நின்று, 'போதுமா' என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அவள் வாயிலிருந்து நாங்கள் கேட்டதே இல்லை. குழம்பில் உப்பே இல்லை என்று மாமா தட்டைத் தள்ளினார். அவள் உப்பு ஜாடியை அவர் பக்கம் நகர்த்தினாள். தெருப் பிள்ளைகள் விளையாட வேறு வாசலைத் தேடிப் போயிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்த கை பாதி வழியில் முந்தானைக்குள் போய்விட்டது. நெட்டி முறிக்கும் சத்தத்தை நான் அப்புறம் கேட்கவேயில்லை.

என் மகளுக்கு இரண்டு வயதில் முழங்கை மடிப்பில் அது வந்தது. பார்த்த உடனே தெரிந்துவிட்டது. நான் செய்த முதல் காரியம், அவளுக்கு முழுக்கை வைத்த கவுன் தைத்துப் போட்டது. சித்திரை வெயிலில். குழந்தை வேர்த்து, அரித்து, அழுதது. என் அம்மா எனக்குச் செய்ததை நான் மறுபடி செய்துகொண்டிருக்கிறேன் என்று புரிந்தபோது கூசிப்போனேன். அரியலூரில் குழந்தை டாக்டரிடம் காட்டினேன். லேசான களிம்பு ஒன்று எழுதிக் கொடுத்தார். சிவந்த இடத்தில் மட்டும், அந்த இடம் முழுக்கப் படும்படி மெலிசாகப் பூசுங்கள், அடங்கியதும் நிறுத்துங்கள், குளிப்பாட்டியதும் தேங்காய் எண்ணெய் தடவுங்கள் என்றார். களிம்பு என்றதும் நான் முகத்தைச் சுளித்ததைப் பார்த்துவிட்டு, பயந்துகொண்டு தொட்டும் தொடாமலும் வைத்தாலும் ஆறாது, சொறிந்து புண்ணாக்கிக்கொள்ளும் என்றும் சொன்னார்.

அங்கிருந்து நேரே அத்தை வீட்டுக்குத்தான் போனேன். டியூபைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. குழந்தை மடிப்பைச் சொறிந்து சொறிந்து, கவுன் கையில் ரத்தம் பட்டுவிட்டது. அத்தை தூரத்தில் சுவரோரம் நின்றிருந்தாள், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு. குழந்தை அழ அழ அவள் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. ஆனால் பக்கத்தில் வரவில்லை.

நான் கவுனைக் கழற்றினேன். டியூபை அவளிடம் நீட்டினேன்.

'நீங்க பூசுங்க அத்த.'

'நா வாணாம் சாமி. எங் கையி வாணாம்.'

'உங்க கையாலதான் வேணும். நான் பக்கத்துலயே இருக்கேன்.'

குழந்தையின் கையைப் பார்த்தாள். பிறகு போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். டியூபைப் பிதுக்கி விரல் நுனியில் கடுகளவு எடுத்தாள்.  அதைக் குழந்தையின் மடிப்பில் ஒரு புள்ளியாக வைத்துவிட்டு, உடனே கையை இழுத்துக்கொண்டாள். சிவந்த இடத்தில் பாதிக்குக்கூட அது எட்டவில்லை.

'இன்னுங் கொஞ்சம் வைங்க அத்த' என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். அவள் ஆயுளில் அவளிடம் யாரும் சொல்லியிராத வார்த்தை அது. கண் நிறைந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் எடுத்து, சிவப்பின் ஓரம் வரைக்கும் மெதுவாகத் தேய்த்துப் பரப்பினாள். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவள் வளையலைப் பிடித்து இழுத்தது. டாக்டர் சொன்ன அளவு வந்துவிட்டது.

'போதும் அத்த' என்றேன்.

உடனே கையை எடுத்துவிட்டாள். ஒரே ஒருமுறைதான் சொன்னேன், அதுவும் மெதுவாக. அது அவள் காதில் விழாமல் இருந்திருக்கக்கூடாதா என்று இருந்தது எனக்கு.